வடு மேலே இருக்கட்டும்

சிக்காகோ,
11 மார்ச் 1956

அன்புள்ள ஒசெல்லா அக்காவுக்கு,

இரண்டரை ஆண்டுகளாக எழுதாதவன் எழுதுகிறேன். எழுதாமைக்குக் காரணம் அடுக்கத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது. ஆகவே குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன். அத்தானை அடக்கம் செய்த மூன்றாம் நாள், பழைய போர்வையால் நீ மூடி வைத்திருந்த அவருடைய கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு ரயிலேறியவன் நான். திருடன் என்று நீ சொன்னதாக ஷெல்பர்னிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சரியான சொல்தான்.

ஆனால் அந்தப் பெட்டி இங்கே நடத்தும் ஆட்சியைக் கேள். திங்கட்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு, நாற்பத்து மூன்றாம் தெருவில் ஒரு நிலவறை மதுக்கூடத்தில் வாசிக்கிறோம். இறைச்சிக் கொட்டடியிலும் எஃகு உலையிலும் இரவு வேலை முடித்தவர்கள், கையில் படிந்த இரத்தமும் கரியும் காயுமுன் நேரே அங்கே இறங்கி வருவார்கள். ஊருக்கு அது திங்கள். அவர்களுக்கு அதுதான் சனிக்கிழமை இரவு. மற்றவர் கிட்டார் பாடுகிறது, என்னுடையது உறுமுகிறது. இரண்டு பாட்டு முடிவதற்குள் எவனாவது நாற்காலி மேல் ஏறி, "ஏ லவெல், மனுசப் பாட்டெல்லாம் போதும்டா. கரடிய அவுத்து விடு" என்பான். பெட்டிக்குக் கரடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அத்தான் இருந்தபோது இந்த உறுமல் அதில் இல்லை. அவர் போன பிறகுதான் வந்தது. அவருடைய குரலே உள்ளே புகுந்துகொண்டதோ என்று சில வேளை எண்ணுகிறேன்.

இப்போது ஒரு கேள்வி. சில வாரங்களாகப் பெட்டி வாசிக்காதபோதும் இரைகிறது. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பாடும்போது உதடு ஒலிவாங்கியில் பட்டால் சுருக்கென்று கடிக்கிறது. எங்கள் முரசுக்காரன் க்ளெட்டஸ் சொல்கிறான்: "மைக்கு ஒனக்கு முத்தம் குடுக்குதுடா. வீட்ல ஒருத்தியும் இல்லாதவனுக்கு அதாவது குடுக்கட்டுமே." அத்தான் படையில் வானொலி கற்றார், அவரிடம் நீ கற்றாய். பெட்டிக்குள் இருப்பது உனக்கு மட்டுமே தெரியும். இரைச்சலை எப்படி அடக்குவது?

உன் தம்பி
லவெல்


ஷெல்பர்ன், மிசிசிப்பி,
17 மார்ச் 1956

லவெல்,

உன் கடிதத்தைக் கின்னார்ட் கடையில் பெற்றேன். அஞ்சல் இன்னும் அந்தக் கடை மூலையில்தான் பிரிக்கப்படுகிறது. அட்டை வந்தால் உரியவர் கைக்கு வருமுன் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் அனைவரும் படித்துவிடுகிறார்கள். உறையை ஒட்டி அனுப்பினாய். அதற்கு மட்டும் நன்றி.

என் நலம் நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முடிதிருத்தும் கடையின் பின்னறையில் இன்றும் வானொலி பழுது பார்க்கிறேன். ஒருவருக்குச் சோறு வடிக்கிறேன். அதுதான் நலம்.

இனி, நான் சொல்வதைச் சொல் தவறாமல் செய். பெட்டியின் பின்பலகையைக் கழற்று. மின்கம்பி உள்ளே நுழையும் இடத்தில், மெழுகுத் தாள் சுற்றிய சிறு உருளை ஒன்று இருக்கும், சுண்டுவிரல் பருமன். மெழுகு உருகி வழிந்திருக்கும். அதன் இரு கால்களையும் வெட்டி எறி. இரைச்சலை வடிகட்ட வைத்த பொருள் அது. கெட்டுவிட்டால் சுவரின் மின்சாரத்தைக் கிட்டார்க் கம்பிவரை கொண்டுவந்து நிறுத்தும். முத்தம் என்கிறாய். கெட்ட உருளை தானாகத் தேறுவதில்லை. இன்று சுருக்கென்று கடிப்பது நாளை கவ்வும், கவ்வியதை விடாது.

வெட்டும்வரை செருகியைப் பார். சுவரில் குத்தும் அந்த இரண்டு தகட்டுச் செருகியின் ஒரு விளிம்பில் உன் அத்தான் அரத்தால் ஒரு வடு வெட்டியிருந்தார். வடு மேலே இருந்தால் பெட்டி சாது. கீழே இருந்தால் அது கொலைகாரன். குத்தும்போதெல்லாம், "வடு மேல இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? வேடிக்கைக்காகச் சொல்லவில்லை அவர்.

ஒசெல்லா


சிக்காகோ,
2 ஏப்ரல் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும் என்றிருந்தது. உள்ளே இருந்ததைப் பிறகுதான் படித்தேன்.

பின்பலகையைக் கழற்றினேன். உருளை இருக்கிறது. மெழுகு வழிந்துதான் இருக்கிறது. குறடும் கையில் இருந்தது. வெட்டவில்லை.

சினம் கொள்ளாதே. சென்ற திங்களன்று இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், விட்டேக்கர் என்று பெயர், படிக்கட்டில் நின்று அரைமணி நேரம் கேட்டார். வெள்ளைக்காரர் அந்த நிலவறைக்கு வந்தால் வழக்கமாக வரி கேட்கத்தான் வருவார். ஆகவே பாதிக் கூட்டம் பின்கதவைப் பார்த்தது. அவர் என்னிடம் வந்து, "கிட்டார் வாசிக்கிறவங்க இந்த ஊர்ல தெருவுக்கு நூறு பேர். அந்த உறுமல் ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. அத மாத்திராத. ஒரு திருகாணியக்கூடத் தொடாத" என்றார். க்ளெட்டஸ் உடனே, "அய்யா, இவன் சட்டையக்கூட மாத்த மாட்டான், கவலப்படாதீங்க" என்றான்.

எது எதனால் உறுமுகிறது என்று எனக்குத் தெரியாது. அந்த உருளைதான் அதன் நாக்கு என்றால்? நாக்கை அறுத்துவிட்டுப் பாடு என்கிறாய். ஏழு ஆண்டு பருத்தி எடுத்தேன், இரண்டு ஆண்டு மாட்டுத் தோல் உரித்தேன். எனக்கென்று இந்த உலகில் இருப்பது அந்த ஓர் ஒலி.

செருகியில் வடு இப்போது இல்லை. பழைய செருகி உடைந்துவிட்டது, வேறு மாற்றினேன். எந்தப் பக்கம் குத்தினாலும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

இன்னொன்று. அத்தான் நெஞ்சடைப்பால் போனார். மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். பெட்டியைக் கொலைகாரன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை இனி எழுதாதே.

லவெல்


ஷெல்பர்ன்,
9 ஏப்ரல் 1956

லவெல்,

கறுப்பு மனிதன் தரையில் கிடந்தால், இந்த வட்டத்து மருத்துவர் கதவருகே நின்றபடியே நெஞ்சடைப்பு என்று எழுதுவார். அவர் குனிந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கேள். பின்னறையில் உன் அத்தான் கிட்டாரை மடியில் வைத்துப் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். இடக்கை கம்பிகளின் மேல். தாகமெடுத்ததோ, கை கழுவ எண்ணினாரோ, வலக்கையை நீட்டி முடிதிருத்தும் கடைத் தொட்டியின் தண்ணீர்க் குழாயைத் தொட்டிருக்கிறார். குழாய் மண்ணுக்குள் போகிறது. மின்சாரம் தேடுவது மண்ணைத்தான். ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக, மறு கையில் இறங்கியது. நான் துவைத்த துணியுடன் உள்ளே வந்தபோது அவர் விரல் குழாயைப் பற்றியபடியே இருந்தது. இடக்கை விரல்களில் ஆறு கம்பிகளின் கோடும் கறுத்திருந்தது. நெஞ்சடைப்பு கோடு போடுமா?

ஓடிப்போய்ச் செருகியைப் பிடுங்கினேன். பிடுங்குமுன் பார்த்தேன். வடு கீழே இருந்தது.

அவர் குத்தியிருந்தால் வடு மேலே இருந்திருக்கும். அன்று காலையில் அந்தச் செருகியைத் தொட்டவர் யார் என்று இரண்டரை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் இப்போது சொல்கிறேன்.

பெட்டியை ரயிலில் திருப்பி அனுப்பிவிடு. திருடன் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒசெல்லா


சிக்காகோ,
13 மே 1956

அக்கா,

உன் கடிதத்துக்கு மறுமொழி எழுத ஒரு மாதம் ஆனது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கிழித்தேன். செருகியைத் தொட்டவர் யார் என்று எழுதியிருந்தாயே, யாரையாவது மனத்தில் வைத்துத்தான் எழுதினாயா? இருந்தால் நேரே எழுது. இல்லையென்றால் விட்டுவிடு. இறந்தவர் இறந்தார்.

இனி நல்ல செய்தி. ஜூன் ஒன்பது, சனிக்கிழமை, நண்பகலில் விட்டேக்கரின் கூடத்தில் இசைத்தட்டுப் பதிவு. நான்கு பாட்டு. இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தேன். முன்பு பனிக்கட்டிக் கிடங்காக இருந்த கட்டடம், சிமெண்டுத் தரை. தூசி எழும்பாதிருக்கப் பதிவுக்கு முன் தரையை ஈரத் துணியால் துடைப்பார்களாம். ஒலிவாங்கியில் இரைச்சல் ஏறாதபடி, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்யும் ஆள் பெருமையோடு காட்டினான்: "பாருங்க, இனிமே ஒரு ஈ பறக்குற சத்தங்கூட வராது."

முத்தம் சற்றுக் கடுமையாகிவிட்டது, மறைக்கவில்லை. சென்ற திங்கள் மதுப்புட்டிகளுக்கு வைத்த பனிக்கட்டி உருகித் தரை ஈரமாக இருந்தது. மூன்றாம் பாட்டில் உதடு பட்டதும் பின்னால் நான்கடி போய் முரசுக்குள் விழுந்தேன். கண் திறந்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. "கரடி அவனையே தூக்கிப் போட்டுருச்சுப்பா, இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று ஒருவன் கத்துகிறான். க்ளெட்டஸ் மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "பாட்டு எழுதறவனுக்குச் சாவு மேல ஆச இருக்கலாம். என் முரசு மேல வந்து சாகாத" என்றான். மறுநாள் ரப்பர் அடி வைத்த தன் பழைய காலணியை எனக்குக் கொடுத்தான். அதைப் போட்டால் கடி குறைகிறது.

உனக்கு இங்குள்ள வழக்கம் ஒன்று தெரியாது. மிசிசிப்பியிலிருந்து வந்த நாங்கள் எவரும் வாசிக்கும் நாளில் கடிதம் வாசிப்பதில்லை. ஊரிலிருந்து வரும் உறையில் பாதி சாவுச் செய்திதான். அது விரலில் இறங்கிவிட்டால் பிறகு விரல் உதவாது. பியானோக்காரன் ஒருவன் மேடைப் படியில் உறையைப் பிரித்தான். இன்று அவன் சுமைவண்டி ஓட்டுகிறான். பதிவுவரை எனக்கு எல்லா நாளும் வாசிக்கும் நாளே. ஆகவே ஜூன் ஒன்பதுவரை நீ எழுதுவது எதையும் பிரிக்க மாட்டேன். சினத்தால் அன்று, அச்சத்தால்.

லவெல்


ஷெல்பர்ன்,
21 மே 1956

தம்பி லவெல்,

பிரிக்க மாட்டேன் என்கிறாய். இருந்தும் எழுதுகிறேன். பூட்டிய கதவைத் தட்டுகிறவள் வேறென்ன செய்வாள்.

தண்ணீர்க் குழாய் என்று நீ எழுதிய இடத்தில் என் கண் நின்றுவிட்டது. நிலவறையில் உன் ஒலிவாங்கி மரப்பலகை மேல் நிற்கிறது போலும். ஆகவே உன்னைக் கடித்துவிட்டு விடுகிறது. அந்தக் கூடத்தில் அதைக் குழாயில் கட்டியிருக்கிறார்கள். கம்பியில் உன் கை, ஒலிவாங்கியில் உன் உதடு, ஈரச் சிமெண்டில் உன் கால். உன் அத்தான் அமர்ந்திருந்த இடத்தில் உன்னை நிற்க வைக்கிறார்கள், லவெல். அவருக்காவது ஒரு குழாய்தான்.

உறுமல் போய்விடும் என்று அஞ்சுகிறாய். போகாது. அந்த உருளைக்கும் உறுமலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதை எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. தேவாலயக் கூட்டத்தில் எழுந்து நின்று பிறர் பாவத்தைப் பேசத் தெரிந்த எனக்கு என் பாவம் என்று வந்தால் கை நகரவில்லை. என் சொல்லை நம்பி வெட்டு. அக்கா சொன்னாள் என்பதற்காக மட்டும் வெட்டு.

ஒசெல்லா


சிக்காகோ,
29 மே 1956

அக்கா,

உன் உறை வந்தது. விளக்கின் கீழே வைத்திருக்கிறேன். ஒட்டியது ஒட்டியபடி. வீட்டுக்கார அம்மா பியூலா தினமும் தூசி தட்டும்போது, "தம்பி, இதப் பிரிச்சுத் தொலையேன். அது என்னைய மொறச்சிப் பாக்குற மாதிரியே இருக்கு" என்கிறார்.

பதிவுக்கென்று புதுக் காலணி வாங்கினேன். தோல் அடி, நடந்தால் நீதிபதி வருவதுபோல் ஓசை. க்ளெட்டஸின் ரப்பர்க் காலணியோடு விட்டேக்கர் முன் போய் நிற்க முடியுமா?

இரைச்சல் இப்போது அறைக்கு வெளியிலும் கேட்கிறது. பதிவுக்குப் பிறகு உன் எல்லாச் சொல்லையும் ஒரே மூச்சில் படித்து, நீ சொன்னபடி செய்வேன்.

லவெல்


(அஞ்சல் அட்டை)

ஷெல்பர்ன், 4 ஜூன் 1956

லவெல். அட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆகவே அட்டையில் எழுதுகிறேன். கின்னார்ட் கடையாரே, நீங்கள் படிப்பீர்கள். படியுங்கள். படித்துவிட்டு இன்றைய பையிலேயே போட்டுவிடுங்கள். ஓர் உயிர் காத்திருக்கிறது.

உறுமல் என்னால் வந்தது. அடக்கம் முடிந்த அன்று, பெட்டிக்குள் ஒலி எழுப்பும் காகிதக் கூம்பைத் திருப்புளியால் இரண்டு முறை குத்தினேன். கிழிந்த கூம்புதான் உறுமுகிறது. உருளையை வெட்டினாலும் உறுமும்.

ஏன் குத்தினேன்? அன்று காலையில் அறையைப் பெருக்குவதற்காகச் செருகியைப் பிடுங்கி மறுபடி குத்தியவள் நான். வடுவைப் பார்த்தேனா, நினைவில்லை. என் கணவரை என் கைதான் கொன்றது என்று நம்புகிறேன். இதை ஷெரிஃப் படித்தாலும் சரி. வெட்டு, லவெல்.

ஒசெல்லா பிராண்ட்லி


சிக்காகோ,
10 ஜூன் 1956

என் அக்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் அட்டை வெள்ளிக்கிழமை வந்தது. பியூலா அம்மா அதைக் காலை உணவு மேசையிலேயே, கையில் சோளரொட்டியோடு, உரக்கப் படிக்கத் தொடங்கினார். "இங்க பாருங்கய்யா, லவெலோட அக்கா பெட்டியத் திருப்புளியால குத்திருக்கா" என்று சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். பாதியில் குரல் நின்றது. மீதியைக் க்ளெட்டஸ் வாங்கிப் படித்தான். ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை.

அப்போதும் நான் வெட்டவில்லை. மறுநாள் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதுக் காலணியோடு கூடத்துக்குப் போனேன். தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். பெட்டியைச் சுவரில் குத்திவிட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டு, ஒலிவாங்கியை நோக்கி நடந்தேன். க்ளெட்டஸ் குறுக்கே வந்து நின்றான். கையில் ஒரு மின்விளக்கு. அதன் தாங்கியில் இரண்டு கம்பிகள்.

"தள்ளுடா" என்றேன்.

"தள்றேன். மொதல்ல பல்ப வச்சுப் பாப்போம். எரியலன்னா ஒங்க அக்கா சொன்னது பொய்யி. எரிஞ்சா நீ பொணம். அவ்ளோதான் கணக்கு."

விட்டேக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"ஒரு ஆள் சாகுற நேரந்தான் அய்யா" என்றான் க்ளெட்டஸ்.

கிட்டாரை என் தோளிலிருந்து அவனே கழற்றி, ஒரு மரநாற்காலியில் வைத்தான். ஒரு கம்பியைக் கிட்டார்க் கம்பியில் தொட்டான். மற்றதை ஒலிவாங்கியின் கழுத்தில் தொட்டான். விளக்கு எரிந்தது. மினுங்கவில்லை, தயங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தில் எரிவதுபோல் முழுதாக எரிந்தது. ஐந்து பேர் நின்றிருந்தோம். தண்ணீர்க் குழாயில் கம்பி கட்டிய அந்த ஆள் மெல்லச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான்.

செருகியைப் பிடுங்கிவிட்டு உருளையை நானே வெட்டினேன். அதன் பிறகு எந்தப் பக்கம் குத்திப் பார்த்தும் விளக்கு எரியவில்லை. வாசித்தேன். உறுமல் அப்படியே இருந்தது, அக்கா. ஓர் இழையும் குறையவில்லை. நான்கு பாட்டும் முடிந்தன. விட்டேக்கர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி நான் எழுத வேண்டியது ஒன்றுதான்.

நீ பெருக்கி முடித்துச் செருகியைச் சரியாகத்தான் குத்தினாய். வடு மேலே இருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பிடுங்கியவன் நான். நீ துணி துவைக்கப் போயிருந்தாய். அன்று மாலை நடன வீட்டில் வாசிக்கப் போகவேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது. அந்த அறையில் செருகி குத்தும் சுவர்த்துளை ஒன்றே ஒன்று என்பது உனக்குத் தெரியும். பெட்டியின் செருகியைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைக் குத்தினேன். தேய்த்து முடித்தேன். சீழ்க்கை அடித்துக்கொண்டே பெட்டியின் செருகியை மறுபடி குத்தினேன். பார்க்கவில்லை. அத்தான் நாள்தோறும் வாய்விட்டுச் சொன்ன மூன்று சொல்லை நான் சொல்லவில்லை. அவர் வந்து உட்கார்ந்தார். "போற எடத்துல நல்லா வாசி, மாப்ள" என்றார். நான் வாசல் பக்கம் போனேன்.

நீ அலறியபோது ஓடிவந்தேன். நீ செருகியைக் குனிந்து பார்த்ததையும், அதைப் பிடுங்கியதையும் வாசலில் நின்று பார்த்தேன். என் உடம்பில் சட்டையின் சூடு இன்னும் ஆறவில்லை.

மருத்துவர் நெஞ்சடைப்பு என்றார். அந்தச் சொல்லை நான் பற்றிக்கொண்டேன். பெட்டி குற்றமற்றது என்றால் நானும் குற்றமற்றவன். அதனால்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ அதைத் திறந்து பார்த்துவிடக் கூடாது. அதனால்தான் உருளையை வெட்டவில்லை. வெட்டினால் அதன்மேல் பழி இருந்ததை ஒப்புக்கொண்டதாகும். செருகி உடையவும் இல்லை. வடு கண்ணில் படக் கூடாதென்று ரயில் ஒரு பெரிய பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் எறிந்தேன். உறுமலுக்காகத்தான் என்று உன்னிடம் எழுதினேன். என்னிடமும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஒலிவாங்கி கடித்தபோதெல்லாம், இது எனக்குரியதுதான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னதையும் மறைப்பதற்கில்லை.

இந்தப் பழியை இத்தனை காலம் நீ சுமந்தாய் என்பது எனக்குத் தெரியாது. கடை முழுதும் படிக்கும்படி உன் பெயரைக் கையெழுத்திட்டு அதை எழுதினாய், என் உயிருக்காக. எழுதியது பொய்யாகிவிட்டது, ஆனால் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். ஷெரிஃப் காதுக்கு அது இந்நேரம் போயிருக்கும்.

ஆகவே இந்த உறையை நான் ஒட்டவில்லை. வெட்டிய உருளை உள்ளே இருக்கிறது.

கின்னார்ட் கடையில் இருப்பவர்களே, அடுப்பைச் சுற்றி இருப்பவர்களே, உரக்கப் படியுங்கள். ஒசெல்லா பிராண்ட்லி அன்று வடுவை மேலே வைத்தாள். கீழே வைத்தவன் அவள் தம்பி லவெல் டாலிவர். ஷெரிஃப் கேட்டால், சிக்காகோ கிழக்கு நாற்பத்து மூன்றாம் தெருவில், பியூலா அம்மாவின் வீட்டு மாடியில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஓடமாட்டேன்.

படித்து முடித்ததும் மடித்து என் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

லவெல் டாலிவர்